உடைந்தது டப்பாவுக்குள் போகாது

என் அக்காவுக்கு ஒரு விஷயம் மண்டைக்குள் ஏறிவிட்டால் அதை இறக்க ஆள் கிடையாது. அத்தான் ஒருவர்தான் இறக்குவார். அவர் இப்போது மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். அதனால் வசந்த விடுமுறைக்கு முதல் நாள், விடிந்ததும் விடியாததுமாக அக்கா என் கதவைத் தட்டி, "இந்த வருஷமும் முட்டாய் செய்யணும்டி" என்று நின்றபோது, நான்தான் அவளோடு மல்லுக்கு நிற்க வேண்டியதாயிற்று.

"யாருக்கு?"

"யாருக்குன்னா? அவருக்குத்தான்."

"அக்கா, அவருக்குத் தண்ணியே இறங்கல."

"தெரியும்டி. செய்யணும்னுதானே சொன்னேன். ஊட்டணும்னு சொன்னேனா?"

உள்ளே பீநட் பட்டர், வெளியே சாக்லேட், கோழிமுட்டையில் பாதி அளவில் முட்டை மாதிரியே உருட்டியது. வருஷா வருஷம் வசந்த விடுமுறைக்கு அத்தான் கையால் செய்வது. நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரி சமையல்கூடத்தில், அதிலும் தொண்டை சரியில்லாத நோயாளிகளுக்குக் குழைத்து, அரைத்து, வடிகட்டி அனுப்புகிற மூலையில். எங்கள் மூலைக்குள் எட்டிப் பார்க்கவே கூடாத சாமான் ஒன்று உண்டென்றால் அது பீநட் பட்டர்தான். நல்ல தொண்டையிலேயே ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். அத்தான் இருப்பதும் அதே ஆஸ்பத்திரிதான். நான் குழைத்துக் கொடுக்கிற எதையும் அவரால் விழுங்க முடியவில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

அத்தான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அந்தக் கால் வீட்டிலும் சும்மா இருக்காது. டி.வி.யில் கார் வேகமாகப் போனால் சோபாவுக்குக் கீழே மிதிக்கும். அக்கா இல்லாததையும் பொல்லாததையும் சேர்த்துக் கதை அளக்க ஆரம்பித்தாலும் மிதிக்கும். "பிரேக் போட்டுப் பார்த்துட்டேன் மிளகா, நிக்க மாட்டேங்குது உங்க அக்கா" என்பார். மிளகாய் என்பது நான். என் சொந்தப் பெயர் அவருக்கு நினைவிருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம்.

குளிர்காலத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு சரிந்தார். வலது கை, வலது கால் போயின. பேச்சு போயிற்று. விழுங்குவது போயிற்று. புத்தி மட்டும் போகவில்லை. அதுவும் போயிருந்தால் தேவலை என்று நானே பலமுறை நினைத்திருக்கிறேன். கண்ணைப் பார்த்தாலே தெரியும், உள்ளே ஆள் முழுசாக உட்கார்ந்திருக்கிறார்.

விழுங்கும் பயிற்சி கொடுக்கிற பெண் பொறுமைசாலி. வாரக்கணக்கில் அவர் தொண்டையைத் தடவித் தடவிப் பார்த்தாள். விடுமுறைக்கு மூன்று நாள் முன்னால் கடைசியாக ஒரு தடவை சோதித்தாள். மாவு போட்டுக் கெட்டியாக்கிய தண்ணீர், அரை ஸ்பூன், நான் என் கையால் கலக்கி எடுத்துப் போனது. அது போக வேண்டிய வழியில் போகவில்லை. இருமக்கூடத் தெம்பில்லாமல் அத்தான் முகம் நீலம் பாரித்தது. நர்ஸ் ஓடி வந்து குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தாள்.

வராந்தாவில் அந்தப் பெண் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். "இனிமே வாய் வழியா எதுவும் வேணாங்க. வயித்துலயே நேரா குழாய் வெச்சுடலாம்னு டாக்டர் சொல்றார். வீட்ல வெச்சுப் பார்க்க முடியாது. சளி உறிஞ்ச மெஷின் வேணும், புரட்டிப் போட எந்நேரமும் ரெண்டு பேர் வேணும். லீவு முடிஞ்சதும் பராமரிப்பு இல்லத்துல ஒரு படுக்கை காலியாகுது."

அந்த இல்லம் இருப்பது பஸ்ஸில் அரை நாள் தூரத்தில். அக்கா துணிக்கடையில் அளவு திருத்திக் கொடுக்கிற தையல்காரி. நினைத்தபோது போய்வர முடியாது. அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதும் இல்லை.

அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அவர்கிட்ட நீங்க யாரும் சொல்ல வேணாம். நானே சொல்லிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். போய்ச் சொன்னதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"டெஸ்ட்ல பாஸாயிட்டீங்களாம். லீவு முடிஞ்சதும் வீட்டுக்குத்தான்."

யாரிடம் சொல்கிறாள் பாருங்கள். ஃபெயில் என்றால் ஃபெயில் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ரோட்டில் எவனாவது சாவான் என்று காலமெல்லாம் சொல்லி வந்த மனிதரிடம். போர்வைக்குக் கீழே அவருடைய நல்ல கால், இடது கால், மெதுவாக ஒருமுறை மிதித்தது. நான் பார்த்தேன். அக்காவும் பார்த்திருப்பாள். பார்க்காத மாதிரி தலையணையைச் சரிசெய்தாள்.

அன்றைக்கே நானே போய் அவர் காதில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று துடித்தேன். ஆனால் புருஷன் அவளுடையவர். என்ன உறவாக இருந்தாலும் ஒரு எல்லை இருக்கிறது.

ஆக, முட்டாய் செய்ய உட்கார்ந்தோம்.

கடலையை வறுத்துத் தோல் நீக்குவது அக்காவின் வேலை, எப்போதும் அவளுடையதுதான். மிக்ஸியில் அரைப்பது என்னுடையது. முதலில் பொடியாகும், பிறகு அடம் பிடிக்கிற குழந்தை மாதிரி ஓரத்தில் அப்பிக்கொண்டு நிற்கும். மிக்ஸி சூடாகிவிடாமல் நிறுத்தி, வழித்துவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். பொறுமை இருந்தால் தானாக எண்ணெய் விட்டுக் குழையும். கடையில் விற்கிறதே என்று நான் வருஷா வருஷம் முணுமுணுப்பேன். "கடையில புருஷன்கூடக் கிடைப்பான் மிளகா, நீ ஏன் இன்னும் வாங்கல?" என்பார் அத்தான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட என்னை அப்படிக் கேட்க அவர் ஒருவருக்குத்தான் அனுமதி உண்டு. இந்த முறை நான் முணுமுணுக்கவில்லை. பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் முணுமுணுத்து என்ன பிரயோசனம்?

வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, ஃபிரிட்ஜில் வைத்தோம். அடுத்தது சாக்லேட். அதுதான் அத்தானின் ராஜ்ஜியம். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கும்போது எங்களைக் கிட்டேயே விடமாட்டார். இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் அந்தக் கிண்ணத்தைக் கரண்டியால் தொட்டதில்லை.

உருகியது. ஆனால் கெட்டியாக இருந்தது. அவர் கையில் பட்டுத் துணி மாதிரி வழியும். என் கரண்டியில் மொத்தையாகத் தொங்கியது. கெட்டியாக இருந்தால் என்ன செய்வது? எனக்கா தெரியாது? நாள் முழுக்க நான் செய்வதே அதுதானே. கரண்டியைச் சாய்த்துப் பார்த்தேன், விழவில்லை. பழக்க தோஷத்தில் ஒரு ஸ்பூன் வெந்நீரை எடுத்து ஊற்றிக் கலக்கினேன்.

கண்ணெதிரே அது மண்ணாய்ப் போயிற்று. மினுமினுப்பு செத்து, திரிதிரியாக, குழைத்த சிமெண்ட் மாதிரி கரண்டியைப் பிடித்துக்கொண்டது. கலக்கக் கலக்க மோசமாயிற்று. சாக்லேட்டுக்குத் தண்ணீர் ஆகாது என்று அவர் ஒருநாள்கூட எங்களிடம் சொல்லவில்லையே. தானே செய்துகொண்டிருக்கிறவர் எதற்குச் சொல்லப் போகிறார்?

அக்கா எட்டிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஆக்கிட்டியா?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். குளிர்காலத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். நானும் சிரித்தேன். சிரிப்பு போகிற போக்கில் அவள் முகம் கோணியது, தரையில் உட்கார்ந்துவிட்டாள், முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. முதுகில் கையை வைத்தேன், அவ்வளவுதான்.

மறுபடி கடைக்குப் போய் வேறு சாக்லேட் வாங்கி வந்தேன். இந்த முறை துடைத்த கிண்ணம், துடைத்த கரண்டி, கெட்டியாக இருந்தால் எண்ணெய் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றாக முக்கி எடுத்தோம். அத்தான் செய்வது போல வழுவழுவென்று வரவில்லை. சிலதில் ஓரம் வெடித்து உள்ளிருக்கும் பட்டர் பிதுங்கியது.

வெடித்ததற்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அத்தான் போட்ட சட்டம்தான். உடைந்தது டப்பாவுக்குள் போகாது. ஓட்டை வழியாக எண்ணெய் கசிந்து மற்றதையும் கெடுத்துவிடுமாம். அதனால் உடைந்ததை எடுத்து வைக்கவே கூடாது. நின்ற இடத்திலேயே, அந்த நிமிஷமே வாய்க்குள் போட்டுவிட வேண்டும். அவர் வேண்டுமென்றே ஒன்றிரண்டை உடைப்பார். "அடடா, உடைஞ்சுபோச்சே" என்று கட்டைவிரலால் அழுத்திவிட்டு எங்கள் வாயில் திணிப்பார். மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், பத்து நிமிஷத்துக்குப் பேச முடியாது. "அப்பாடா, வீடு இப்பதான் வீடா இருக்கு" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

அன்று வெடித்தவற்றை நானும் அக்காவும் பேசாமல் தின்றோம். நல்லதாக வந்தவற்றில் ஏழெட்டைப் பொறுக்கி அக்கா ஒரு சின்ன டப்பாவில் அடுக்கினாள்.

"இது அவர் பங்கு. நாளைக்குக் காட்டிட்டு வந்து ஃபிரீஸர்ல வெச்சுடுவேன். வந்து சாப்பிடட்டும்."

"எங்க வந்து?"

அவள் மூடியை அழுத்தினாள்.

"அக்கா, எங்க வந்து சாப்பிடுவார்? வயித்துக் குழாய்ல முட்டாய் போடுவியா?"

"வாய மூடுடி."

"அவர் என்ன குழந்தையா? அவருக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா? வண்டி எங்க போகுதுன்னு தெரியாமலே அங்க கொண்டு இறக்கப் போறியா?"

"நான் சொல்லலேன்னா அது நடக்கலடி" என்றாள் அக்கா. "எனக்கு அந்த ஒரு இடம்தான் மிச்சம் இருக்கு. அதையும் நீ பிடுங்காத."

நான் சாக்லேட் கிண்ணத்தைக் கழுவப் போனேன்.

மறுநாள் விடுமுறை. பார்வையாளர் நேரத்துக்குப் போனோம். வார்டில் பாதிப் படுக்கை காலி. வீட்டுக்குப் போகக் கூடியவர்களை விடுமுறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஜன்னலோரத்தில் அத்தானைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். யாரோ அவருக்குச் சவரம் செய்து விட்டிருந்தார்கள், தாடையில் ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போயிருந்தது. அக்கா போனதும் முதலில் அதைத்தான் தடவினாள்.

டப்பாவைத் திறந்து அவர் மடியில், சாப்பாட்டுப் பலகையின் மேல் வைத்தாள். கடலை வாசம் வார்டின் மருந்து வாசத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது. அவர் மூக்கு, குழாய் ஒட்டிய அந்த மூக்கு, விரிந்தது. அந்தப் பக்கம் வந்த நர்ஸ் புருவத்தைத் தூக்கினாள். "நாங்க சாப்பிடத்தான் சிஸ்டர். அவருக்கு இல்ல" என்றேன் அவசரமாக. அவள் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டுப் போனாள்.

"உங்க மச்சினி முதல் தடவை என்ன பண்ணினா தெரியுமா?" என்று அக்கா ஆரம்பித்தாள். வெந்நீர் கதையைக் கையும் காலும் வைத்துச் சொன்னாள். அத்தானின் வாயில் நல்ல பக்கம் லேசாக மேலே போயிற்று. அந்த அரைச் சிரிப்போடு அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"இதெல்லாம் உங்க பங்கு. ஃபிரீஸர்ல வெச்சுடுவேன். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்ததும்…"

போர்வைக்குள் கால் மிதித்தது. மெதுவாக அல்ல. கட்டில் கம்பி அதிர மிதித்தது.

"…நல்லாயிடுச்சுன்னா, ஒவ்வொண்ணா…"

மறுபடி மிதித்தார். பிறகு இடது கையைத் தூக்கி டப்பாவுக்குள் விட்டார். தடுமாறி ஒன்றை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோய்விடுவாரோ என்று நான் பாய்ந்தேன். கொண்டுபோகவில்லை. பலகையின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். ஓடு டக்கென்று உடைந்து பட்டர் பிதுங்கியது. எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

அக்கா பூரித்துப் போனாள். "பாருடி! சட்டத்தைப் பாருடி! ஞாபகம் வெச்சிருக்கார்டி!" என்று வாயைத் திறந்து அவர் கையாலேயே வாங்கிக்கொண்டாள். வாரக்கணக்கில் டீயும் பன்னுமாக ஓட்டிக்கொண்டிருந்தவள். அதைத்தான் சொல்கிறார், சாப்பிடச் சொல்கிறார் என்று நானும் நினைத்தேன். இரண்டாவதை உடைத்து என்னிடம் நீட்டினார். மிளகாய்க்கும் ஒன்று. கண்ணில் நீர் முட்ட வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

மூன்றாவதையும் உடைத்தார். அக்கா மென்றுகொண்டே கையால் 'போதும்' என்று காட்டினாள். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. வாங்கிக்கொண்டாள். நாலாவது உடைந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது ஊட்டிவிடுகிற கை இல்லை. அவர் எங்களைப் பார்க்கவே இல்லை, டப்பாவை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்தது டப்பாவுக்குள் போகாது. டப்பாவுக்குள் போகாதது ஃபிரீஸருக்குள்ளும் போகாது. தனக்கென்று எடுத்து வைக்க ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது என்று வரிசையாக உடைத்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கும் புரிந்துவிட்டது. அவள் டப்பாவை இழுக்கப் பார்த்தாள். வேண்டாங்க, இது உங்களுக்கு, என்று சொல்ல வந்தாள். வாய் ஒட்டிக்கொண்டு விட்டது. "ம்ம்… ம்ம்ங்க…" என்றுதான் வந்தது. பேச்சில்லாத இருவரும் ஒரு டப்பாவைப் பிடித்து இழுத்தார்கள். அவர் ஒரு கைதான், ஆனால் விடவில்லை. அக்காதான் விட்டாள்.

கடைசி முட்டையை உடைக்க அவருக்கு நேரம் பிடித்தது. விரல் களைத்துவிட்டது, வழுக்கியது. நான் உதவவில்லை. உதவ எனக்கு மனம் வரவில்லை. உள்ளங்கையை வைத்து உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு நசுக்கினார். அதை எடுத்து நீட்டவும் முடியாது, பலகையோடு அப்பிக்கொண்டிருந்தது. அக்கா விரலால் வழித்துத் தின்றாள். நாங்கள் இருவரும் முழுவதையும் விழுங்கி முடிக்கும்வரை அவர் எங்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தண்ணீர் கொண்டு வந்தேன். அக்கா குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவருடைய பட்டர் படிந்த கையைத் தன் இரு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"என்னங்க," என்றாள். "நீங்க பாஸ் ஆகல."

அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வயித்துல குழாய் வெக்கப் போறாங்க. வீட்டுக்கு இல்ல. வேற ஊர்ல ஒரு எடம். தூரம். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வருவேன். பஸ் கெடைக்காத வாரம் வர முடியாது. திரும்பி வர்ற மாதிரி இல்லைன்னு சொல்றாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல."

நான் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் அசையவில்லை.

மணி அடித்து, பார்க்க வந்தவர்களையெல்லாம் கிளம்பச் சொன்னார்கள். ஈரத் துணியால் பலகையைத் துடைத்தேன், அவர் நகக்கண்ணில் இருந்ததையும் சுரண்டி எடுத்தேன். அக்கா எழுந்திருக்கவில்லை. டப்பாவை எடுக்கப் போனபோது அத்தானின் கை முந்திக்கொண்டது. உள்ளே விட்டு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை தடவிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினார்.